மாடியில் பெய்த மழை தொட்டிக்கு ஒழுங்காக வராவிட்டால்: வீட்டு மழைநீர்ச் சேகரிப்பில் குறை கண்டு நீக்கும் முறை

சென்னையிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி முதல் மார்கழிக்குள், பெய்து தீர்ந்துவிடுகிறது. அதனால் மழைநீர் அமைப்பில் உள்ள குறைகளும் அந்த மூன்று மாதங்களில்தான் வெளிப்படுகின்றன. வெளிப்பட்ட பிறகு பழுது பார்க்க ஆள் கிடைப்பதில்லை, குழாயை வெட்டி ஒட்டுவதற்குக் காய்ந்த இடமும் கிடைப்பதில்லை. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கான்கிரீட் மொட்டை மாடி, அதிலிருந்து இறங்கும் நான்கு அங்குலக் குழாய், ஒரு வடிகட்டித் தொட்டி, அதை அடுத்து ஒரு சேமிப்புத் தொட்டி அல்லது தரையடிச் சம்ப், மிகுதி நீர் சென்று சேரும் உறைகிணறு ஆகியவை கொண்ட வழக்கமான வீட்டு அமைப்பு. ஓட்டு வீடாக இருந்தால் மாடி என்று வரும் இடங்களில் கூரையையும், தாழ்வாரத்தில் நீர் ஓடும் தகரக் காலையும் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

குறை எங்கே தென்பட்டாலும் அதன் காரணத்தை மேலிருந்து கீழாகத் தேடுவதே என் அனுபவத்தில் பலன் தந்த முறை. நாற்றம் தொட்டியில் தெரியும், அதற்கு வித்து மாடியில் கிடக்கும். கலங்கல் பம்புசெட் குழாயில் தெரியும், அதன் தொடக்கம் முதல் மழைநீரை, அதாவது மழை தொடங்கியதும் மாடியைக் கழுவிக்கொண்டு வரும் அழுக்கு நீரை, வெளியேற்றும் குழாயில் இருக்கும். வடிகட்டியை மாற்றுவதற்கு முன் ஏணியை எடுங்கள்.

நல்ல மழை பெய்தும் தொட்டியில் நீர் ஏறவில்லை

எவ்வளவு நீர் வந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் குறைவாக வந்தது என்று சொல்ல முடியாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 1000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர்; அதில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் விழுகிறது. தளம் உறிஞ்சுவது, ஆவியாவது, சிதறுவது ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, முதல் மழையின் அழுக்கு நீராக 90 லிட்டர் அளவைத் தள்ளினாலும், 600 லிட்டருக்குக் குறையாமல் தொட்டிக்கு வர வேண்டும். பெய்த அளவை அறிய வானிலை அறிக்கையை நம்ப வேண்டியதில்லை. ஒரு தெருவில் கொட்டும் மழை அடுத்த தெருவில் தூறலாக இருப்பது சென்னையில் வழக்கம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேரான சுவர் கொண்ட ஓர் எவர்சில்வர் டப்பாவை மாடியின் நடுவில் வைத்து, மழை நின்றதும் உள்ளே அளவுகோலை நிறுத்திப் பார்த்தால் போதும்.

கணக்குக்கும் தொட்டிக்கும் பெரிய இடைவெளி இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது முதல் மழைநீரை வெளியேற்றும் வால்வு. பருவத்தின் முதல் மழையில் மாடியைக் கழுவி விடுவதற்காகத் திறந்து, பின்னர் மூட மறந்துபோன வால்வுகளை நான் பார்த்த அளவுக்கு வேறு எந்தக் குறையையும் பார்த்ததில்லை. வால்வு மூடியிருந்தும் நீர் வரவில்லை என்றால், மழை பெய்துகொண்டிருக்கும்போதே மாடிக்குச் செல்லுங்கள். குழாய் வாயைச் சுற்றிக் குளம்போல நீர் நின்றால் அடைப்பு வாயில். வேப்பிலைக் காம்புகளும் புறா இறகும் சேர்ந்து சல்லடைமேல் நெய்ததுபோல ஒரு போர்வையாகப் படிந்திருக்கும். தட்டையான சல்லடையை எடுத்துவிட்டுக் கூம்பாக மேலெழும்பும் சல்லடையைப் பொருத்தினால், இலைகள் அடியில் சேர்ந்தாலும் மேற்பகுதி வழியாக நீர் இறங்கும். வாயில் நீர் நிற்காமல் மாடியின் வேறொரு மூலையில் நின்றால் அது சரிவின் குறை. தளத்தில் பதித்த தட்டு ஓடுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல அமிழ்ந்திருக்கலாம். அந்த இடத்தை மட்டும் சுரண்டி, நீர்க்கசிவு தடுக்கும் கலவையுடன் சரிவு கொடுத்துப் பூசுவதே தீர்வு. மாடி முழுவதையும் இடிக்கச் சொல்லும் கொத்தனாரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேள்வி கேளுங்கள்.

மாடியும் வாயும் சரி, குழாயில் நீர் இறங்கும் ஓசையும் கேட்கிறது, ஆனால் தொட்டியில் ஏறவில்லை என்றால், நீர் வடிகட்டியில் வழிந்து போகிறது அல்லது தொட்டி கசிகிறது. தொட்டியின் கசிவை அறிய, மழையில்லாத இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, காலையில் பாருங்கள்.

வடிகட்டித் தொட்டி மேலே வழிகிறது

ஒரு மணி நேரத்துக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையில், மேலே சொன்ன மாடியிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 90 லிட்டர் இறங்குகிறது. அதை மணல் வழியாக விட வேண்டுமானால் வடிகட்டியின் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். ஆழம் கூடுவதால் வேகம் கூடாது. மணல்மேல் மெல்லிய சேற்றுத் தோல் படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேல் இரண்டு அங்குல மணலை மட்டும் அள்ளி, வாளியில் அலசித் திரும்பப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மணலுக்கும் ஜல்லிக்கும் இடையே நைலான் வலை இல்லாமல் கட்டியிருந்தால் மணல் ஜல்லிக்குள் இறங்கி அடைத்திருக்கும். அப்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி, அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, வலை, அதன்மேல் மணல் என்று மீண்டும் அடுக்க வேண்டும். இப்போது ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால், பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்ட் போடுகிறார்கள்; அதில் கல்மாவு கலந்திருப்பதால், அலசிய நீர் தெளிவாக வரும்வரை அலசாமல் போடக் கூடாது.

நீரின் நிறம் மாறியிருக்கிறது

ஒரு கண்ணாடிக் குவளையில் அந்த நீரைப் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்துவிடுங்கள். காலையில் அது காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

அடியில் மண் படிந்து மேலே நீர் தெளிந்திருந்தால், அது தூசியும் வண்டலும்; முதல் மழைநீர் சரியாக வெளியேறவில்லை என்று பொருள். மேலே நீர் தெளியாமல் தேயிலை வடிநீர்போல் பழுப்பாகவே இருந்தால், அது இலைச் சாறு. வேம்பு, வாதாம் போன்ற மரங்கள் மாடிமேல் கவிந்த வீடுகளில் இது நிச்சயம் வரும். எந்த மணல் வடிகட்டியும் கரைந்த நிறத்தைப் பிடித்து வைக்காது. கிளையைக் கழிப்பதும், ஊறிய இலைகள் குழாய் வளைவுகளில் தங்காமல் பார்ப்பதும்தான் வழி. அந்த நீர் செடிகளுக்குத் தீங்கு செய்யாது, துணியில்தான் கறை பிடிக்கும். பால்போல் வெளுத்து வந்து காலையில் வெள்ளைப் பொடி படிந்தால், அலசாத எம்-சாண்ட் அல்லது மாடியில் புதிதாக அடித்த சுண்ணாம்பு. கரும்பொடி படிந்தால் வடிகட்டியில் போட்ட கரியின் தூள். செந்துருவாகப் படிந்தால் தகரக் கூரையையோ இரும்புக் குழாயையோ பாருங்கள். இளம்பச்சையாக இருந்தால் பாசி. தொட்டிக்குள் எங்கோ வெளிச்சம் புகுகிறது. பகலில் மூடியைச் சாத்திவிட்டு, உள்ளே ஒளி கசிகிற இடத்தை ஓர் ஓட்டை வழியாகப் பார்த்தால் தெரியும். வெளிர் நிற பிளாஸ்டிக் தொட்டி என்றால் சுவரே ஒளியை விடும். வெளிப்புறம் அடர் நிற வண்ணம் பூசுவது மருந்து போடுவதைவிட நிலையான தீர்வு.

வண்டல் குறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் முதல் மழைநீர்க் குழாய் பெயருக்குத்தான் இருக்கிறது. இறங்கு குழாயில் ஒரு டீ (மூன்று வாய் கொண்ட இணைப்பு) போட்டு, மூன்றடி நீளத்தில் ஒரு நான்கு அங்குலக் குழாயைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, முனையை மூடி போட்டு அடைத்திருப்பார்கள். அந்தக் குழாய்க்குள் அடங்குவது சுமார் 8 லிட்டர்தான். 93 சதுர மீட்டர் மாடியில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மழைகூட இல்லை; மாடி முழுதாக நனைவதற்குள் நிரம்பிவிடும், புழுதியும் பறவை எச்சமும் அதன் பின்னால் தொட்டிக்குச் செல்லும். ஒரு மில்லிமீட்டர் மழையையாவது ஒதுக்க வேண்டும் என்றால் இந்த மாடிக்கு 90 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு டிரம் தேவை. இடமில்லாதவர்கள் கையால் திருப்பும் வால்வு வைத்துக்கொள்ளலாம், ஆனால் மழை தொடங்கும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

இன்னொன்று: அந்தக் குழாயின் அல்லது டிரம்மின் அடியில் நீர் சொட்டுச் சொட்டாக வெளியேற ஒரு சிறு துளை இருக்கும். அது சேற்றில் அடைத்துக்கொண்டால் குழாய் எப்போதும் நிரம்பியே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு நீருக்கு அங்கே இடம் இருக்காது. மழை நின்று ஒரு நாள் கழித்து மூடியைத் திருகிப் பாருங்கள். நீர் கொட்டினால் துளை அடைந்திருக்கிறது.

தொட்டி நீரில் நாற்றம்

அழுகிய முட்டை நாற்றம் என்றால், அடியில் படிந்த இலைக்கூழும் சேறும் காற்றில்லாமல் அழுகுகின்றன. பிளீச்சிங் பவுடரைப் போட்டு அந்த நாற்றத்தை அமுக்கப் பார்ப்பது வீண். சேறு இருக்கும்வரை குளோரினை அதுவே தின்றுவிடும். நீரை வெளியேற்றிச் சேற்றை அள்ள வேண்டும். அதன் பிறகு இரண்டு சிறு மாற்றங்கள் செய்தால் நாற்றம் விரைவில் திரும்பாது. நீர் எடுக்கும் குழாயின் வாய் அடியிலிருந்து நான்கு அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். நீர் வந்து விழும் குழாயை அடிவரை இறக்கி, முனையில் ஓர் எல்போ (வளைவு இணைப்பு) போட்டு வாயை மேல்நோக்கித் திருப்பிவிட்டால், புதிதாக வரும் நீர் படிந்த கசடைக் கலக்காது. ஒரே ஒரு குழாயில் மட்டும் நாற்றம் வந்தால் தொட்டியைத் தொட வேண்டாம். பயன்படுத்தாமல் கிடக்கும் அந்தக் குழாய்த் தொடரில் நீர் தேங்கிக் கெட்டிருக்கிறது.

சாக்கடை நாற்றம் வந்தால் நிலைமை வேறு. அன்றே அந்த நீரை எல்லாப் பயன்பாட்டுக்கும் நிறுத்திவிட வேண்டும். தரையடிச் சம்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும், கோடையில் அது தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது, பக்கத்துச் செப்டிக் தொட்டியிலிருந்து கசிந்த நீரும் அதோடு சேர்ந்து உள்ளே புகும். கண்டறிவது எளிது: சம்ப் நீரைப் பாதிக்குக் கீழே இறைத்துவிட்டு, வரும் குழாய்கள் அனைத்தையும் மூடி, சில மணி நேரம் மட்டத்தைப் பாருங்கள். தானாக ஏறினால் வெளிநீர் புகுகிறது. உள்பூச்சு போட்டு அடைப்பது கோடையில்தான் முடியும் என்பதால், அந்தப் பருவம் முழுவதும் மழைநீரைத் தரைக்கு மேல் வைத்த தொட்டிக்குத் திருப்பிவிடுவதே நல்லது.

சம்பையோ கிணற்றையோ சுத்தம் செய்ய ஆளை இறக்கும் முன் ஒன்றை மறக்கக் கூடாது. சேறு அழுகிய இடத்தில் நச்சு வாயு தேங்கும். விளக்கை இறக்கி அது அணைகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் உயிர்வளி குறைவதை மட்டுமே காட்டும். நச்சு வாயுவைக் காட்டாது. மூடியைத் திறந்து வைத்து, ஊதுகுழாய் கொண்ட மின்விசிறியால் நெடுநேரம் காற்றைச் செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்காமல் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்கக் காப்பு இல்லாமல் இறங்கியவரும் மயங்குவார். சிறிய சம்பாக இருந்தால், மேலிருந்தே சேற்றுப் பம்பு வைத்து உறிஞ்சிவிடலாம். ஆள் இறங்கத் தேவையே இல்லை.

கொசுப்புழு நெளிகிறது

முதலில் புழு நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். தலை கீழாகச் சாய்ந்து தொங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் ஆகவோ சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் ஆகவோ இருக்கலாம். நீர்ப்பரப்போடு படுக்கையாக ஒட்டிக் கிடந்தால் அது மலேரியா பரப்பும் அனாபிலிஸ் இனம். சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி இந்த இனத்தைச் சேர்ந்தது. எதுவாயினும் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதுதான் கணக்கு.

தொட்டி மூடியை இறுக மூடியும் புழு வருகிறது என்று சொல்பவர்களின் வீட்டில், மிகுதி நீர் வழியும் குழாய் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அதன் வாயில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கண் கொண்ட வலையைக் கவ்வி போட்டு இறுக்குங்கள். காற்றுக் குழாய்க்கும் அதுவே. அடுத்து, மழை நின்ற பின் எங்கெல்லாம் நீர் தங்குகிறது என்று பாருங்கள்: தொய்ந்த தகரக் கால், வடிகட்டித் தொட்டியின் அடி, துளை அடைந்த முதல் மழை டிரம், உறைகிணற்றின் மூடியில் உள்ள பள்ளம். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவிடும். அது காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் தொட்டியைக் காலி செய்வது மட்டும் போதாது, சுவரைத் தேங்காய் நார் கொண்டு அழுந்தத் தேய்த்துக் கழுவ வேண்டும். திறந்த கிணறாக இருந்தால் கப்பி அல்லது கம்பூசியா மீன் விடலாம். புழங்கும் நீரில் மண்ணெண்ணெய் ஊற்றுவது கூடாது.

புதுத் தொட்டி நீர் வழவழக்கிறது

புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைகிறது. மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அது சுண்ணாம்பை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, வெளியேற்றினால் அடங்கிவிடும். அதுவரை அந்த நீரைத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.

தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் நீர் வரவில்லை

தொட்டி ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம், கடையில் விற்கும் சொட்டுவான்கள் கேட்கும் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். பம்பு இல்லாமல் ஓட்ட விரும்பினால் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் வகையை வாங்குங்கள். அல்லது அகலக் குழாயில் சிறு துளையிட்டு நீளத்தைக் குறையுங்கள். அழுத்தத்துக்காகத் தொட்டியை உயர்த்த நினைப்பவர்கள், 1000 லிட்டர் நீர் ஒரு டன் எடை என்பதை மேடை கட்டும் முன் கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும்.

சமையலுக்கு எடுக்கலாமா என்ற ஐயம்

மழைநீரில் பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும். ஆசை வருவது இயல்பு. ஆனால் பறவையும் பல்லியும் நடமாடும் மாடியில் விழுந்த நீர், தெளிவாகத் தெரிந்தாலும் கிருமி அற்றது அல்ல. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். வீட்டிலேயே பார்ப்பதற்கு, நீர் கெட்டிருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி உதவும். தெளிந்த நீருக்கு 1000 லிட்டருக்குச் சுமார் 5 கிராம் புது பிளீச்சிங் பவுடர் போதும். அதை ஒரு குவளை நீரில் குழைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். குடிப்பதற்கு என்றால் அதன் பிறகும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

உறைகிணற்றில் நீர் இறங்காமல் நிற்கிறது

2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்தில் தோண்டிய குழிகள் பல, இன்று ஜல்லிக்கு இடையே வண்டல் நிறைந்து வெறும் கல் பெட்டிகளாக இருக்கின்றன. ஜல்லி நிரப்பிய குழியைச் சுத்தம் செய்ய, எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். என் கருத்தில் உறைகளை இறக்கி, உள்ளே ஒன்றும் நிரப்பாமல், மேலே பலகை மூடி போடுவதே மேல். வண்டல் அடியில் சேரும், கோடையில் அள்ளிவிடலாம்.

நீர் நின்றால் உடனே அடைப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். கார்த்திகையில் அடைமழைக்குப் பின் நிலத்தடி நீரே மேலே வந்திருக்கலாம். பக்கத்தில் உள்ள திறந்த கிணற்றின் மட்டம் இதற்குச் சமமாக இருந்தால் குறை ஏதும் இல்லை. அது கீழே இருந்து இது மட்டும் நின்றால், வண்டலை அள்ளிய பிறகு ஒரு டிரம் நீரை ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குறியுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான கடலோரத்தில் பார்க்கப் பார்க்க இறங்கும். களிமண் பகுதியில் அசையாது. அங்கே குழியின் அடியிலிருந்து களிமண் அடுக்கைத் தாண்டும்வரை ஒரு துளை போட்டு, அதற்குத் துளையிட்ட குழாய் இறக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள போர்வெல்லுக்குள் மாடி நீரை நேராகத் திருப்பிவிடுவது மட்டும் வேண்டாம். ஒருமுறை உள்ளே போன சேற்றையும் கிருமியையும் எடுக்க வழியில்லை.

ஆண்டுகள் ஆகியும் போர்வெல் நீர் உப்பாகவே இருக்கிறது

கடலோர மணலில் மழைநீர், உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. உள்ளே விட்டதைவிட அதிகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். ஆகவே போர்வெல் எத்தனை அடி ஆழத்திலிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். மழைநீர் சேர்வது மேல் அடுக்கில், குழாய் உறிஞ்சுவது ஆழத்திலிருந்து என்றால் உங்கள் உறைகிணறு அந்தக் குழாய்க்கு உதவாது. ஆழமில்லாத திறந்த கிணற்றிலோ மேல்மட்டக் குழாயிலோ எடுத்துப் பாருங்கள். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் சிறிய டி.டி.எஸ். கருவி ஒன்றை வாங்கி, மாதத்தின் ஒரே நாளில், பம்பு ஐந்து நிமிடம் ஓடிய பிறகு அளந்து, வீட்டு நாட்காட்டியில் எழுதி வாருங்கள். இந்த ஆண்டு தையில் எழுதிய எண்ணையும் அடுத்த ஆண்டு தையில் எழுதுவதையும்தான் ஒப்பிட வேண்டும். சித்திரையோடு ஒப்பிட்டால் எந்தக் கிணறும் தோற்றதாகவே தெரியும்.